கடவுள் வேலைக்கு மனிதன் கை ஏன்?

அமெரிக்க தேசத்தில் லூத்தரன் கிறிஸ்தவர்களுக்கு ஒரு பெரிய சபை இருக்கிறது. அமெரிக்க சுவிசேஷ லூத்தரன் சபை என்று பெயர். மூன்று சபைகள் ஒன்றாகக் கூடி 1988-ம் வருஷத்தில் ஏற்பட்டது. அதற்கு 25 வருஷம் நிறைந்த 2013 முதற்கொண்டு, செப்டம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஏழை எளியவர்களுக்கு ஊழியம் செய்யும் நாள் என்று ஏற்படுத்தி நடத்தி வருகிறார்கள். அன்று ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, கூலி சம்பளம் ஒன்றுமில்லாமல் வேலைக்குக் கிளம்புகிறார்கள். இல்லாதவர்களுக்கு உணவுப் பொட்டலம் கட்டுகிறார்கள். வீடற்றவர்களுக்குச் சாப்பாடு போடுகிறார்கள். துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்துப் போர்வையாக்கி, தேசம் விட்டு ஓடிவந்தவர்களுக்கு அனுப்புகிறார்கள்.

இது நல்ல காரியம். இதை நாம் மனதார மெச்சுகிறோம். பசித்தவனுக்குச் சோறு போடுகிறவன் எந்த மதத்துக்காரனாயிருந்தாலும் அவனைப் பாராட்ட நாம் கூச்சப்படப் போவதில்லை.

ஆனால், அந்த நாளுக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயரைப் பாருங்கள். "கடவுளின் வேலை, நம்முடைய கைகள்" என்பதுதான் அந்தப் பெயர். வேலை கடவுளுடையதாயிருந்தால் கை ஏன் மனிதனுடையதாயிருக்க வேண்டும் என்று கேட்கிறோம். உலகத்தையே ஆறு நாளில் உண்டாக்கினவர் என்று சொல்லப்படுகிற ஒருவருக்கு ஒரு போர்வை தைக்க முடியாமலா போய்விட்டது? துணி மனிதன் கொடுத்தது. நூல் மனிதன் நூற்றது. ஊசி பிடித்தவள் ஒரு கிழவி. கூலியில்லாமல் உழைத்ததும் மனிதன். இவ்வளவும் மனிதனுடையதாயிருக்க, பெயர் மாத்திரம் கடவுளுக்கா?

"கடவுள் மனிதர் மூலமாகத்தான் செய்கிறார்" என்று பாதிரிமார் பதில் சொல்லுவார்கள். அப்படியானால், கூலியைக் குறைத்து ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்துகிற முதலாளி யார் மூலமாகச் செய்கிறான்? சோறு போடுகிற கை கடவுளுடைய கை, சோற்றைப் பிடுங்குகிற கை மாத்திரம் மனிதனுடைய கை என்பது எந்த ஊர் நியாயம்?

"பெயர் எதுவாயிருந்தால் என்ன, பசி ஆறினால் போதாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். போதாது என்பதே நமது அபிப்பிராயம். கடவுள் கொடுத்தார் என்றால் வாங்குகிறவன் கும்பிடத்தான் முடியும். மனிதன் கொடுத்தான் என்றால், "ஐயா, இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? யார் பங்கிட்டது? எனக்கு மாத்திரம் ஏன் இல்லாமல் போயிற்று?" என்று கணக்குக் கேட்க முடியும். கும்பிடுகிறவனுக்கும் கணக்குக் கேட்கிறவனுக்கும் உள்ள வித்தியாசந்தான் பிச்சைக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம்.

இதை நாம் வேறெங்கிருந்தோ கொண்டுவந்து சொல்லவில்லை. அவர்களுடைய சொந்தச் சரித்திரத்திலிருந்தே காட்டுகிறோம்.

மார்ட்டின் லூத்தர் 1520-ம் வருஷத்தில், கிறிஸ்தவர்களுக்குள் பிச்சை என்பதே இருக்கக்கூடாது, ஒவ்வொரு நகரமும் தன் ஏழைகளைத் தானே காப்பாற்ற வேண்டும் என்று எழுதினார். 1523-ல் ஜெர்மனியில் சாக்ஸனி நாட்டைச் சேர்ந்த லைஸ்னிக் என்னும் ஊரார் இதைக் காரியத்தில் கொண்டுவர ஒரு பொதுப் பெட்டி ஏற்படுத்தினார்கள். கோவில் சொத்து வருமானமும் ஜனங்கள் கொடுக்கும் பணமும் அந்தப் பெட்டியில் சேர வேண்டியது. அநாதைகள், வயதானவர்கள், தொழில் நொடித்தவர்கள் ஆகியோருக்கு அதிலிருந்து உதவ வேண்டியது. இந்த ஏற்பாட்டுக்கு லூத்தரே முகவுரை எழுதி அச்சிட்டு வெளியிட்டார்.

அந்தப் பெட்டியைக் கோவிலுக்குள்தான் வைத்தார்கள். கடவுளுடைய வீட்டில், கடவுளுடைய கண்ணுக்கு முன்னால் இருக்கிற பெட்டியாயிற்றே என்று திறந்து போட்டார்களா? இல்லை. நாலு பூட்டுப் போட்டார்கள்! ஒரு சாவி பிரபுக்களிடம், ஒன்று நகரசபையாரிடம், ஒன்று நகரத்து ஜனங்களிடம், ஒன்று கிராமத்துக் குடியானவர்களிடம். நாலு பேரும் கூடினால்தான் பெட்டி திறக்கும். அது மாத்திரமல்ல, வருஷத்தில் மூன்று தடவை எல்லோரையும் கூட்டிக் கணக்குப் படிக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தார்கள். கடவுளை நம்புகிறவர்களே பணம் என்று வந்தவுடன் கடவுளை நம்பாமல் பூட்டை நம்பினார்கள். இதை நாம் பரிகாசத்துக்காகச் சொல்லவில்லை. அதுதான் புத்திசாலித்தனம் என்று பாராட்டுகிறோம். அதிலும் நாலாவது சாவி குடியானவன் கையில் இருந்தது என்பதைத் தோழர்கள் மறந்துவிடக் கூடாது.

ஆனால் நடந்தது என்ன? நகரசபையார் கோவில் சொத்துக்களைப் பெட்டிக்கு ஒப்படைக்க மறுத்தார்கள். லூத்தர் அரசருக்கு எழுதியும் காரியம் சரிவர நடக்கவில்லை. பணம் பிரபுக்கள் பக்கமும் ஜெபம் ஏழைகள் பக்கமுமாக நின்றுவிட்டது.

நிற்க, இரண்டு வருஷம் கழித்து 1525-ல் ஜெர்மானியக் குடியானவர்கள் பன்னிரண்டு கோரிக்கைகளை எழுதி அச்சிட்டார்கள். எங்கள் குருவை நாங்களே தேர்ந்தெடுப்போம். எங்களிடம் வாங்கும் தானிய வரியில் குருவின் ஜீவனத்துக்குப் போக மிஞ்சியதை ஊர் ஏழைகளுக்குக் கொடுங்கள். எங்களை அடிமைகளாக வைக்காதீர்கள் என்று கேட்டார்கள். சுருக்கமாகச் சொன்னால், இன்னும் சில சாவிகளைக் கேட்டார்கள். லூத்தர் முதலில் பிரபுக்களையும் கண்டித்தார். குடியானவர்களுக்கும் புத்தி சொன்னார். கலகம் முற்றியவுடன், மே மாதத்தில், குடியானவர்களை வெட்டலாம், குத்தலாம், கொல்லலாம் என்று பிரபுக்களுக்கு உத்தரவு கொடுப்பதைப்போல ஒரு புத்தகம் எழுதினார். அந்தக் கலகத்தில் செத்தவர்கள் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்று சரித்திரக்காரர்கள் சொல்லுகிறார்கள். ஏழை கையேந்தினால் இரக்கம், கணக்குக் கேட்டால் கத்தி! தர்மத்துக்கும் நியாயத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

இது ஐரோப்பாச் சமாசாரம், நமக்கென்ன என்று நினைப்பவர்கள் தரங்கம்பாடியைப் பார்க்கட்டும். 1706-ல் சீகன்பால்கு என்ற லூத்தரன் பாதிரி அங்கு வந்து இறங்கினார். தமிழ் படித்தார், பள்ளிக்கூடம் வைத்தார், அச்சுக்கூடம் வைத்தார். அவர் செய்த நன்மையை நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சபையின் கோவிலிலேயே மேல்சாதிக் கிறிஸ்தவன் ஒரு பக்கமும் ஆதிதிராவிடக் கிறிஸ்தவன் ஒரு பக்கமுமாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். பிறகு 19-ம் நூற்றாண்டில் வந்த லைப்ஸிக் லூத்தரன் மிஷனும் சாதி என்பது சமூக வழக்கம் என்று சொல்லி அதற்கு இடங்கொடுத்தது. புஸ்தகம் கொடுத்தார்கள், ஞானஸ்நானம் கொடுத்தார்கள், பக்கத்தில் உட்கார இடம் மாத்திரம் கொடுக்கவில்லை. இங்கேயும் சாவி யார் கையில் இருந்தது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்னாலும் லூத்தர் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லியாக வேண்டும். நற்செயலால் மோக்ஷம் வாங்க முடியாது, ஆகையால் புண்ணியத்துக்காகச் செய்யாதே, அண்டை வீட்டுக்காரனுக்குத் தேவையாயிருக்கிறது என்பதற்காகச் செய் என்று 1520-ல் அவரே போதித்தார். தர்மத்திலிருந்து மோக்ஷ வியாபாரத்தை வெளியே தள்ளியது பெரிய காரியந்தான். இன்னும் ஒரே ஒரு படிதான் பாக்கி. மோக்ஷம் வேண்டாம் என்று தள்ளியவர்கள் கடவுளையும் நீக்கிவிட்டால், மனிதனுக்கு மனிதன் செய்ய வேண்டிய கடமை என்பதைத் தவிர அங்கு வேறொன்றும் மிஞ்சாது.

ஆகவே மஞ்சள் சட்டைத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். உங்கள் கையை நிறுத்தாதீர்கள். ஆனால் உங்கள் உழைப்பை உங்கள் உழைப்பு என்றே சொல்லுங்கள். வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொட்டலம் கட்டுவதோடு நில்லாமல், மற்ற நாட்களில் அந்தப் பொட்டலத்துக்கு ஏன் அவன் காத்துக்கிடக்கிறான் என்று கேளுங்கள்.

நம் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கே எந்த மதத்தின் பெயரால் எந்தத் தர்மம் நடந்தாலும், எத்தனை பேருக்குச் சோறு போட்டார்கள் என்று மாத்திரம் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பெட்டிக்கு எத்தனை பூட்டு, அதில் ஒரு சாவியாவது சாப்பிட வந்தவன் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அது சமத்துவம். இல்லாவிட்டால், எவ்வளவு ருசியான சோறாயிருந்தாலும் அது பிச்சைதான்.