வெட்டித் தொடுக்கும் கை

1934ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பேசில் ரைட் என்னும் ஆங்கிலேய இளைஞர் ஒருவர், இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபையின் பொருளுதவியோடு நான்கு சிறு விளம்பரப் படங்கள் எடுக்கும் பொருட்டு இத்தீவுக்கு வந்து, பிடித்த படச்சுருள்களை லண்டனுக்குக் கொண்டுபோய், அங்கே வெட்டு மேசையின் முன் அமர்ந்தபோது, அந்த நான்கும் ஒன்றாய் இணைந்து ஒரே காவியமாக உருப்பெற்றன. 'சோங் ஒஃப் சிலோன்' என்ற அந்தப் படம் 1935இல் பிரசல்ஸ் நகரத்துத் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது. அதன் கலைச்சிறப்பில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஆயினும் அதில் பிரதானமாக ஒலிப்பது, ராபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை வாசிக்கும் லயனல் வென்டின் குரலும், சந்தை நிலவரம் கூறும் வணிகர் குரல்களுமே. தேயிலையின் பொருட்டே பிறந்த அந்தப் படத்தில், அத்தேயிலையைக் கிள்ளிக் கூடையிலிட்ட நம் பாட்டிமார் தங்கள் வாழ்வைத் தாங்களே எடுத்துரைக்கும் இடம் இல்லை.

இதை ஒரு குற்றச்சாட்டாக நான் கூறவில்லை. படம் பிடிப்பவனுக்கு உள்ள அதிகாரத்தைக் காட்டிலும், பிடித்ததில் எதை வைத்து எதை நீக்குவது என்று தீர்மானிக்கிறவனுக்கு உள்ள அதிகாரம் பெரிது என்பதற்கு, நம் மலைகளிலிருந்தே கிடைக்கும் உதாரணமாகவே இதைக் காண்கிறேன். தேயிலைப் பெட்டியின் மேலும் சுற்றுலாக் காணொளிகளிலும் சிரித்த முகத்தோடு கொழுந்து பறிக்கும் பெண்ணின் காலில் ஊரும் அட்டையும், அவள் அந்தியில் திரும்பிச் செல்லும் லயத்தின் ஒழுகும் கூரையும் அந்தச் சிரிப்புக்கு முன்னும் பின்னும் இருந்தவைதாம், அவை வெட்டப்பட்டன. வெட்டிய கை நம்முடையதாக இருந்ததில்லை.

இன்று அந்தக் கை நம்முடையதாகத் தொடங்கியிருக்கிறது. ஹட்டன் நகரத்திலும், தலவாக்கலையிலும், நுவரெலியாவிலும் கல்யாண வீடு, பிள்ளைகளின் சடங்கு, கோயில் தேர் என்று காணொளி எடுத்துக் கொடுத்துச் சீவிக்கும் இளைஞர்கள் பெருகிவிட்டனர். மாசி மாதத்தில் இரவு முழுவதும் ஆடப்படும் காமன் கூத்தை, பெரியவர்கள் தீயைச் சுற்றிக் குந்தியிருக்க, பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பதிந்து, விடிவதற்குள் வெட்டித் தொடுத்து உலகெங்கும் அனுப்பிவிடுகிறார்கள். ஒருவரும் கற்பிக்காமலே அவர்கள் பெற்றிருக்கும் லாவகத்தைக் கண்டு நான் பலமுறை வியந்து நின்றிருக்கிறேன்.

ஆனால் அவர்களுக்குக் கிடைக்கும் பாடம் எத்தகையது? இணையத்தில் தமிழில் எடிட்டிங் கற்றுத்தரும் காணொளிகள் ஏராளமாக உண்டு. அவற்றைச் செய்து அளிப்பவர்களுக்கு நாம் நன்றியுடையவர்கள். ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நிகழும் என்பதோடு நின்றுவிடுகின்றன. ஒரு காட்சியை இந்தக் கணத்தில் ஏன் அறுக்கவேண்டும், பார்ப்பவனின் நெஞ்சில் அது என்ன விளைவை உண்டாக்கும் என்னும் விசாரணை ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டது. வோல்டர் மேர்ச் என்னும் தொகுப்பாளர் 1995இல் வெளியிட்ட சிறு நூல், ஒரு வெட்டின் தகுதியை அளக்கும்போது உணர்ச்சிக்கே முதலிடம் தரவேண்டும் என்றும், காட்சித் தொடர்ச்சி பற்றிய கவலை அதற்கு வெகு பின்னால் வரவேண்டும் என்றும் விளக்குகிறது. இத்தகைய சிந்தனை நம் இளைஞனுக்கு அந்நியமானதன்று. அது வந்தடையும் பாஷைதான் அவனுக்கு அந்நியம்.

அடுத்து வரும் காட்சியின் ஒலியை முன்னதாகவே கேட்கச் செய்து, பிறகு உருவத்தைக் காட்டும் உத்தி ஒன்று உண்டு. தொழிலில் அதை ஜே கட் என்பார்கள். அதன் பெயரைக் கேட்டு மலைக்கும் பிள்ளைக்கு அதன் பொருளைச் சொல்ல அவனுடைய தோட்டமே போதும். முற்காலத்தில் விடியுமுன் இருளில், ஆட்களை வேலைக்கு அழைக்கும் பிரட்டுத் தப்பு முழங்கும். அந்த ஓசைக்குப் பின்னரே அடுப்பு வெளிச்சம் தெரியும், ஆட்கள் தெரிவார்கள், மலை தெரியும். காட்சிக்கு முன்னே ஒலி வந்து மனத்தை ஆயத்தப்படுத்தும் என்பதை நம் முன்னோர் நாள்தோறும் அனுபவித்தார்கள். அவ்வாறே, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர் எந்தக் கிளையை விட்டுவைப்பது என்று தூரைப் பார்த்து அறிந்துகொண்ட பின்னரே கத்தியை ஓங்குகிறார். நம் அனுபவத்தினின்று நம் சொற்களாலேயே இக்கலையை விளக்கி எழுத இயலும்; எழுதுகிறவர்கள்தாம் வேண்டும்.

பணத்தின் தடையும் சிறியதன்று. அடோபி நிறுவனம் 2013இல் தன் மென்பொருள்களின் புதிய பதிப்புகளை விலைக்கு விற்பதை நிறுத்தி, மாதக் கட்டணத்துக்கு மட்டுமே தருவது என்று அறிவித்தது. அதன் பிரீமியர் ஒன்றுக்கு மட்டும் மாதம் ஏறக்குறைய 23 டொலர். டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்து, 2024இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தைக் கொண்டு கணக்குப் பார்த்தால், ஒரு தாய் ஐந்து நாளுக்கு மேல் பேர் போட்டால்தான் மகனின் ஒரு மாதக் கட்டணம் தேறும். கட்டணம் நின்ற மாதம் மென்பொருளும் நின்றுவிடும். தலைமுறை தலைமுறையாகச் சொந்தமல்லாத லயக் காம்பராவில் வாழ்ந்த மக்களுக்கு, சொந்தமாகாத கருவியைக் கொண்டு தொழில் செய்வது என்றால் என்னவென்று விளக்கவேண்டியதில்லை. 2011இல் அப்பிள் நிறுவனம் 'ஃபைனல் கட் புரோ' 7ஐக் கைவிட்டு முற்றிலும் வேறான புதுப் பதிப்பை வெளியிட்டபோது, அதையே நம்பித் தொழில் நடத்திய தொகுப்பாளர்கள் உலகமெங்கும் திகைத்தார்கள். ஆகவே தொகுப்பாளனுக்கு மென்பொருளின் விலையையும் பதிப்பையும் பற்றிய செய்தி அவன் சோற்றைப் பற்றிய செய்தியாகும்.

இலவச வழிகளும் உண்டு. 'டாவின்சி ரிசோல்வ்' என்னும் மென்பொருளின் இலவசப் பதிப்பைக் கொண்டு ஒரு முழுப் படத்தையே தொகுக்கலாம். 'கேடன்லைவ்' யாவருக்கும் பொதுவான, கட்டணமற்ற சாதனம். பழைய மடிக்கணினி கனமான காட்சிகளைத் தாங்காது திணறும்போது, அவற்றின் இலேசான நகல்களை உண்டாக்கி, நகல்களை வைத்தே வெட்டித் தொடுத்து, முடிவில் மூலத்தோடு இணைத்துக்கொள்ளும் ப்ராக்ஸி முறை இருக்கிறது. இந்த ஒரு விஷயம் தெரியாத காரணத்தால், கடன்பட்டுப் புதிய கணினி வாங்கிய பிள்ளையை நான் அறிவேன்.

நம் தினசரிகள் சினிமாவுக்கு ஒதுக்கும் பக்கங்களில் வாரம் ஒரு பத்தியை இந்தத் தொகுப்புத் தொழிலுக்கு அளிப்பது பெரிய தியாகம் ஆகாது. நம் லயங்களில் கண்ணீரோடு பார்க்கப்பட்ட 'பாசமலர்' படத்தை இயக்கிய பீம்சிங் தொகுப்பு அறையிலிருந்து வந்தவர். அவருடைய மகன் லெனினும், ஸ்ரீகர் பிரசாத்தும் தொகுப்புக்காகத் தேசிய விருதுகள் பெற்றவர்கள். அவர்களுடைய வெட்டுகளைக் காட்சி காட்சியாக எடுத்து நல்ல தமிழில் ஆராய்ந்தால் எத்தனை பாடம் கிடைக்கும்! பாடசாலைகளில் தொடர்பாடலும் ஊடகக் கல்வியும் ஒரு பாடமாகவே இருக்கிறது. அந்த ஆசிரியர்கள் கையில் இத்தகைய கட்டுரைகள் சேருமானால், பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிற்சி பெறும் நாளைய ஆசிரியர்களும் அவற்றைப் படித்து விவாதிப்பார்களானால், பொத்தான் அறிவு விவேகமாக முதிரும்.

சென்ற ஆண்டு டிக்கோயாப் பக்கத்து இளைஞன் ஒருவன் தன் பாட்டியைப் பேசவைத்துப் பதிந்த காணொளியை என்னிடம் காட்டினான். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அவருடைய அக்காள் குடும்பம் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட கதை அது. பேச்சில் வரும் இடைவெளிகளையெல்லாம் நீக்கினால்தான் பார்ப்பவர்கள் தங்குவார்கள் என்று ஏதோ ஒரு பாடத்தில் கேட்டு, அவன் ஒவ்வொரு மௌனத்தையும் அறுத்தெறிந்திருந்தான்; கிழவி கோச்சி ஏறியவர்களின் பெயர்களைச் சந்தைக் கணக்குப்போல மளமளவென்று ஒப்புவித்துக்கொண்டிருந்தார். மூலப் பதிவைப் போடச் சொன்னேன். அக்காளின் பெயருக்கு முன்னால் அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். கை மட்டும் முந்தானையைத் திருகியது. பையன் இரண்டு முறை அதைப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒன்றும் கூறாமல், அந்த இடத்தை முழுவதுமாகத் திரும்பச் சேர்த்தான். பெயர் வரும் வரைக்கும் தகரத்தில் மழை விழும் ஓசை மட்டும் கேட்டது.