மலையில் கேழ்வரகு, காலைத் தட்டில் மைதாவா?

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று ஒரு பழமொழி உண்டு. அந்தப் பழமொழிக்கு ஒரு படம் வரைய வேண்டுமானால், கள்ளக்குறிச்சி மாவட்டம் வடக்கனந்தலின் ஞாயிற்றுக்கிழமைக் காலையை வரைந்தால் போதும்!

தலையைத் தூக்கினால் கல்வராயன் மலை. வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் மானாவாரியாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைகின்றன. அடிவாரத்தில் கோமுகி அணை. பக்கத்திலேயே கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை. கரும்புக்கோ நிலக்கடலைக்கோ பாலுக்கோ பஞ்சமில்லை. இவ்வளவும் இருந்தும், லீவு நாள் காலையில் பல வீடுகளில் பிள்ளைகளின் கையில் இருப்பது என்ன? ஒரு டம்ளர் டீ, ஒரு 5 ரூபாய் பிஸ்கட் பாக்கெட்!

மலையிலிருந்து தானியம் லாரியில் இறங்குகிறது. அதே ரோட்டில் மைதா பிஸ்கட் பெட்டி பெட்டியாக ஏறுகிறது. இந்த வியாபாரத்தில் லாபம் யாருக்கு என்று கேட்க ஆளில்லை.

104 நாள் கேள்வி

பள்ளி நாட்களில் கவலை குறைவு. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைக்கு உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ சாம்பாரோடு கிடைக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் அடுப்பு எரிவது பள்ளி நடக்கும் நாளில்தான். சனியும் ஞாயிறும் விடுமுறை என்று கணக்கு வைத்தால் ஆண்டுக்கு 104 நாட்கள். அந்த 104 காலைகளுக்கும் பொறுப்பு யார்? வீடுதான். கூலி வேலைக்கு விடியற்காலையில் கிளம்பும் வீடு அந்தப் பொறுப்பைப் பெட்டிக்கடையிடம் ஒப்படைத்துவிடுகிறது. குற்றம் அந்தத் தாயின் மீது இல்லை. பசிக்கு மிக மலிவாகவும் மிக வேகமாகவும் கிடைக்கும் பதில் பிஸ்கட் பாக்கெட்தான் என்று ஆக்கிவைத்த ஏற்பாட்டின் மீதுதான் குற்றம்.

பாக்கெட்டின் பின்பக்கம்

பாக்கெட்டின் முன்பக்கம் கோதுமைக் கதிரும் பால் குவளையும் சிரிக்கும். உண்மை பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். உணவுப் பொட்டலச் சட்டப்படி, எடையில் எது அதிகமோ அது பட்டியலில் முதலில் வர வேண்டும். சாதாரண பிஸ்கட்டில் முதலில் வருவது மைதா. அடுத்து சர்க்கரையும் பாமாயிலும். பல குளுக்கோஸ் பிஸ்கட்களில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. மைதாவில் 20-ஐச் சுற்றித்தான். எலும்பு வளரும் வயதில் இந்த வித்தியாசம் சின்னதா?

சரி, "சிறுதானிய பிஸ்கட்" வாங்கினால் போயிற்று என்பார்கள் நகரத்துக்காரர்கள். 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு அந்தப் பெயரில் வந்த பாக்கெட்டுகளுக்குக் கணக்கில்லை. அவற்றிலும் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். சிலவற்றில் முதல் பெயர் மைதாதான். கேழ்வரகு வெறும் ஊறுகாய்! உண்மையிலேயே சிறுதானியத்தில் செய்ததோ, மலையில் அதை விளைவித்தவரே வாங்க முடியாத விலையில் இருக்கிறது.

அடுப்பு இருக்கிறது, அவன் எதற்கு?

வீட்டில் பிஸ்கட் சுட மின்சார அவன் வேண்டும் என்பது ஒரு பெரிய மூடநம்பிக்கை. அடி கனமான பாத்திரம், அதில் இரண்டு விரல் உயரம் மணலோ கல் உப்போ, மேலே ஒரு வளையம், இறுக்கமான மூடி, இவ்வளவு போதும். குக்கர் என்றால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது.

150 கிராம் கேழ்வரகு மாவை வாசம் வரும்வரை வறுத்து ஆற வைக்க வேண்டும். கேழ்வரகில் கோதுமையின் பசைத் தன்மை இல்லாததால் தனியாகப் பிசைந்தால் உதிரும். 50 கிராம் கோதுமை மாவு சேர்த்தால் பிடித்துக்கொள்ளும். 60 கிராம் நாட்டுச் சர்க்கரை, 70 கிராம் நெய் அல்லது வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, கால் டீஸ்பூன் சமையல் சோடா, பிசைய இரண்டு மூன்று கரண்டி பால். சோடா கூடினால் சோப்பு வாடை அடிக்கும். வில்லைகளாகத் தட்டி, பத்து நிமிடம் சூடேற்றிய பாத்திரத்தில் 15 முதல் 20 நிமிடம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். அது தெரியாமல் கருக விடுபவர்களே அதிகம். சனிக்கிழமை மாலை சுட்டு டப்பாவில் அடைத்தால் ஞாயிறு காலை தயார்.

வீட்டில் செய்ததாலேயே எல்லாம் அமிர்தமாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். நெய் கொழுப்புதான். மேலே சொன்ன அளவிலும் 100 கிராமுக்குச் சுமார் 18 கிராம் இனிப்பு இருக்கும். எனவே நான்கு பிஸ்கட், கூடவே ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி அவித்த நிலக்கடலை. அதுதான் காலை உணவு. பிஸ்கட் மட்டுமே காலை உணவு என்றால், அது வீட்டில் சுட்டதானாலும் தவறு தவறுதான்.

இரண்டு மறுப்புகள்

"பிஸ்கட் வெள்ளைக்காரன் பண்டம், கூழைக் குடித்தால் போதாதா?" என்பது முதல் மறுப்பு. கூழ் போதும், தாராளமாகப் போதும்! ஆனால் பிள்ளை கேட்பது பிஸ்கட்டை. பிஸ்கட் என்ற சொல்லுக்கு மூலப் பொருளே இருமுறை சுட்டது என்பதுதான். டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் இருக்கும் பொறை அப்படிச் சுட்டதுதானே? பெயர் எங்கிருந்து வந்தால் என்ன, மாவு எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. கூழை வெறுத்து ஓடும் பிள்ளைக்கு அதே கேழ்வரகை வில்லையாகக் கொடுப்பது தோல்வி அல்ல, புத்திசாலித்தனம்.

இரண்டாவது மறுப்பு நியாயமானது. "வாரம் முழுவதும் உழைக்கும் பெண்ணின் தலையில் இன்னொரு வேலையா?" உண்மைதான். சாமையை உரலில் குத்தி உமி நீக்கிய கஷ்டத்தைப் பெண்கள்தான் சுமந்தார்கள். ரேஷன் அரிசி வந்ததும் பலர் சாமையைக் கைவிட்டதில் வியப்பில்லை. ஆகவே இந்த வேலை அம்மாவுடையது அல்ல. கேழ்வரகுக்கு உமி நீக்கும் வேலையும் இல்லை. சுத்தம் செய்து மில்லில் கொடுத்தால் மாவு. பிசைவதும் தட்டுவதும் பத்து வயதுப் பையன் செய்யக்கூடியவை. அடுப்புப் பக்கம் அப்பா நிற்கட்டும். அரை நாள் கிரிக்கெட் பார்க்க நேரம் இருப்பவருக்கு அரை மணி நேரம் அடுப்படியில் நிற்க நேரம் இல்லையா?

அரசுக்கும் ஒரு வார்த்தை

வீட்டை மட்டும் குறை சொல்லி ஒதுங்குவது அநியாயம். 2023-இல் ரேஷன் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியபோது, அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவை நீலகிரியும் தருமபுரியும். கேழ்வரகு விளையும் கல்வராயன் மலையும் அதன் அடிவாரமும் அந்தப் பட்டியலில் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட் மீதான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பாக்கெட்டுக்குக் கிடைத்த கவனம், தானியத்துக்கும் அதை விளைவிக்கும் மலைவாழ் மக்களுக்கும் கிடைக்க வேண்டாமா? மலையில் விளைந்ததை அங்கேயே கொள்முதல் செய்து அடிவார ரேஷன் கடைகளில் கொடுத்தால், விளைவித்தவருக்கும் விலை, பிள்ளைக்கும் சத்து.

அது வரும்போது வரட்டும். அதுவரை வடக்கனந்தல் சந்தையில் ஒரு கிலோ கேழ்வரகு வாங்க எந்த அரசாணையும் தேவையில்லை. இந்தச் சனிக்கிழமை மாலை ஒரு பாத்திரத்தில் மணலைக் கொட்டி அடுப்பில் ஏற்றினால், 104 காலைகளில் ஒன்று அன்றே மீளும்.