கண்டதெல்லாம் கோளாகுமா?

ஐப்பசி மாதத்து இரவில் ஒன்பது மணியளவில், மழைமுகில் இடங்கொடுக்குமாயின், வாசகர்கள் தென்வானை ஒருமுறை நோக்குவாராக. அயலில் ஒளிமிக்க துணை வேறெதுவுமின்றித் தனித்து நிற்கும் வெண்ணிற விண்மீன் ஒன்று புலப்படும். பொமல்ஹோட் என்பது அதன் பெயர். நமக்கும் அதற்கும் இடையே 25 ஒளியாண்டுத் தூரம் உண்டு. அந்த விண்மீனைச் சுற்றிவரும் கோள் ஒன்றை ஹபிள் விண்தொலைகாட்டி படம்பிடித்துவிட்டது என்று 2008 ஆம் ஆண்டு நவம்பர் 13 ஆந் திகதி உலகெங்கும் செய்தி பரவியது. அதே நாளில் இன்னொரு செய்தியும் வந்தது. பெகாசசு என்னும் உடுத்தொகுதியில் எச்.ஆர். 8799 என்ற எண்ணால் வழங்கும் விண்மீனைச் சுற்றி மூன்று கோள்கள் படத்தில் அகப்பட்டிருந்தன. இரண்டு கட்டுரைகளையும் வெளியிட்டது 'சயன்ஸ்' என்னும் ஒரே சஞ்சிகை. இவற்றுள் ஒன்று இன்றும் நிலைத்து நிற்கிறது, மற்றையது கலைந்துபோயிற்று. கலைந்துபோயிற்று என்று யாம் கூறுவது உவமையன்று.

பிற விண்மீன்களுக்கும் கோள்கள் உண்டு என்பதில் இப்பொழுது எவருக்கும் ஐயமில்லை. 1995 இல் ஜெனீவாவைச் சேர்ந்த மிசெல் மேயரும் டிடியே கெலோவும், 51 பெகாசி என்னும் விண்மீன் இலேசாக அசைந்தாடுவதைக் கொண்டு அதனை இழுக்கும் கோளொன்று இருத்தல் வேண்டும் எனக் கண்டனர். அதற்காக 2019 இல் பௌதிகத்துக்கான நோபெல் பரிசில் பங்கும் பெற்றனர். 2025 செப்தெம்பரில் அறியப்பட்ட கோள்களின் தொகை 6,000 ஐத் தாண்டியது. ஆயினும் இவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றை எவரும் கண்டதில்லை. திரை அசைவதைக் கொண்டு பின்னால் ஆள் நிற்கிறான் என்று உய்த்துணர்வது போன்றதே இவ்வறிவு. நேரே படமெடுக்கப்பட்டவை நூறைக்கூட எட்டவில்லை.

காரணம் வெளிப்படை. தொலைவில் நின்று நம் ஞாயிற்றை ஒருவன் நோக்குவானாயின், வியாழன் திருப்பியனுப்பும் ஒளி ஞாயிற்றின் ஒளியில் ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்கே. பூமியின் ஒளி அதனினும் பத்து மடங்கு மங்கியது. ஒளி குறைவு என்பதோடு தொல்லை தீரவில்லை. பேரொளியும் சிற்றொளியும் அவன் கண்ணுக்கு ஒன்றோடொன்று ஒட்டியே தோன்றும். வெயிலை நோக்கி நிற்கையில் கையால் ஞாயிற்றை மறைத்துக்கொண்டு பறவையைப் பார்ப்பதில்லையா? அதுவே முதல் உபாயம். பிரெஞ்சு வானியலாளர் பெர்னார் லியோ 1930 களில், சூரிய கிரகணத்துக்குக் காத்திராமலே ஞாயிற்றின் ஒளிவட்டத்தைக் காணும்பொருட்டு, தொலைகாட்டியினுள்ளே சிறு மறைப்பு ஒன்றை வைத்தார். இன்று விண்மீன்களை மறைப்பதும் அதே வித்தையின் வளர்ச்சியே. விண்மீன் கண்சிமிட்டுவது கவிஞருக்கு இன்பம். வானியலாளருக்கு அது பெரிய இடையூறு. வளிமண்டலத்தின் அந்தக் கலக்கத்தை நீக்குவதற்காக, ஒரு செக்கனில் பல நூறு தடவை வடிவம் மாறும் நெகிழ்வுக் கண்ணாடிகளைப் பொருத்துகிறார்கள்.

எச்.ஆர். 8799 இன் கோள்களைக் கண்ட கனடிய வானியலாளர் கிறிஸ்தியன் மரோவா கையாண்ட உபாயமோ என் மனத்தை மிகவும் கவர்ந்தது. விண்மீனை மறைத்த பின்னரும் தொலைகாட்டியின் சொந்தக் குறைகளால் படமெங்கும் ஒளித்திட்டுகள் சிதறிக் கிடக்கும். அவற்றுள் எது திட்டு, எது கோள்? பேருந்தின் முன்கண்ணாடியில் சேற்றுப் புள்ளிகள் படிந்திருக்க, வண்டி வளைவில் திரும்புவதை எண்ணிப் பாருங்கள். புள்ளிகள் நின்ற இடத்திலேயே நிற்கும். வெளிக்காட்சி மட்டும் நகரும். அதுபோலவே, இரவு செல்லச்செல்ல வானம் சுழல்வதை அவர் தடுக்காமல் விட்டுவிட்டார். கருவியின் திட்டுகள் அசையவில்லை. கோளோ விண்மீனைச் சுற்றி இடம்பெயர்ந்தது. எல்லாப் படங்களுக்கும் பொதுவாய் உள்ளதைக் கழித்தபோது, எஞ்சியவை கோள்கள். அன்றியும் அவை தோன்றி மூன்று அல்லது நான்கு கோடி ஆண்டுகளே ஆன இளங்கோள்கள். பிறந்த சூடு தணியாமையால் பல நூறு பாகை வெப்பத்துடன் செங்கீழ்க் கதிர்களில் தாமே ஒளிர்கின்றன. ஹவாய்த் தீவின் மௌன கேயா மலையுச்சியிலுள்ள கெக், ஜெமினி என்னும் தொலைகாட்டிகள் பிடித்தது அந்தச் சூட்டையே.

படத்தில் புள்ளி தெரிந்தால் வேலை முடிந்தது என்றே பலரும் நினைப்பர். "சேர், படமே இருக்கிறதே, பிறகென்ன சந்தேகம்?" என்று என் மாணவன் ஒருவனும் கேட்டான். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது. மிகத் தொலைவில் பின்னால் நிற்கும் வேறொரு விண்மீனும் படத்தில் அவ்வாறே தெரியும். ஆகவே காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு விண்மீனும் வானில் மிக மெல்ல நகர்கிறது. சில ஆண்டுகள் கழித்து மீண்டும் படமெடுத்தால், பின்னால் நிற்பது பின்தங்கிவிடும். உண்மைக் கோள் தன் விண்மீனுடன் கூடவே செல்லும். எச்.ஆர். 8799 இன் கோள்கள் இத்தேர்வில் தேறின. அதற்கு மேலும் ஒரு சான்று கிடைத்தது. 1998 இல் ஹபிள் எடுத்த பழைய படமொன்றைப் புதிய முறையால் துருவிய தாவீத் லப்ரெனியே, அக்கோள்களுள் ஒன்று அதிலே இருப்பதை 2009 இல் வெளிப்படுத்தினார். பத்தாண்டுகளுக்கு மேலாக அந்தப் படம் சுவடிக்கூடத்தில் ஒருவர் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது! 2010 இல் நான்காவது கோளும் கண்டறியப்பட்டது. அவற்றின் வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டு இருப்பதை வெப் விண்தொலைகாட்டி காட்டியதாக 2025 இல் அறிவித்தனர்.

இனிப் பொமல்ஹோட்டுக்கு வருவோம். கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் கலாஸ், 2004, 2006 ஆகிய ஆண்டுகளின் ஹபிள் படங்களை ஒப்பிட்டு, விண்மீனைச் சூழ்ந்த தூசு வளையத்தின் அருகே புள்ளியொன்று நகர்ந்திருப்பதைக் கண்டார். அது விண்மீனுடன் கூடவே சென்றது. மேற்கூறிய தேர்வில் தேறியது. ஆனால் ஒரு நெருடல் இருந்தது. சாதாரண ஒளியில் தெளிவாய்த் தெரிந்த அப்பொருள் செங்கீழ்க் கதிர்களில் தென்படவே இல்லை. பெருங்கோளாயின் சூடு எங்கே? சிலர் அன்றே ஐயுற்றனர். வேறு சிலர் அது தூசு சூழ்ந்த கோள் என்று அமைதி கூறினர். இந்த வழக்குத் தீர்வதற்குள், 2015 இல் அனைத்துலக வானியற் சங்கம் பொதுமக்களின் வாக்கெடுப்பையொட்டி அதற்கு 'டாகோன்' என்று பெயரும் சூட்டிவிட்டது. பிள்ளை உண்டோ என்பது தெளியுமுன் பெயர்சூட்டு விழா நடந்த கதை இது.

வேடிக்கை என்னவெனில், 2014 ஆம் ஆண்டுப் படங்களிலேயே அப்புள்ளி மறைந்துவிட்டிருந்தது. அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் அந்திராஸ் காஸ்பார், ஜோர்ஜ் ரீக் இருவரும் எல்லாப் படங்களையும் வரிசைப்படுத்தி ஆராய்ந்து 2020 இல் தம் முடிவைக் கூறினர். புள்ளி ஆண்டுதோறும் விரிந்து மங்கிவந்தது. அதன் பாதையும் விண்மீனைச் சுற்றாது விலகிச் செல்வதாய் இருந்தது. ஆகவே அது கோளன்று. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 200 கிலோமீற்றர் அகலமான இரு பனிப்பாறைக் கோளங்கள் மோதி நொறுங்க, எழுந்து பரவிய நுண்டூசு முகிலே அது. இத்தகைய மோதல் அங்கே இரண்டு இலட்சம் ஆண்டுக்கு ஒருமுறைதான் நிகழக்கூடும் என்றும் கணக்கிட்டனர். அக்கணக்குக்கும் சோதனை வந்தது. 2023 இல் அதே வளையத்தருகே இரண்டாவது புள்ளியொன்று தோன்றியது. அதுவும் மோதலால் எழுந்த முகில் என 2025 திசெம்பரில் ஒரு குழு அறிவித்தது. அந்தக் கட்டுரையின் முதலாசிரியர் அதே பால் கலாஸ்! பெருந்தூசு முகில் பல ஆண்டுகாலம் கோள்போல் வேடம் தரிக்க வல்லது என்று அவரே எச்சரித்திருக்கிறார். அவர் எடுத்த படம் என்றுமே பொய்யன்று. அது இன்னதன் படம் என்பதே மாறியது. கோளொன்றை இழந்தோம் என்று வருந்துவோர், உலகங்கள் மோதி நொறுங்குவதை மனிதர் கண்ணெதிரே கண்டதைச் சிறிதாக எண்ணுகிறார்கள் என்பேன். நமது ஞாயிற்றுத் தொகுதியும் தன் இளமையில் இத்தகைய மோதல்களுக்குள்ளே வளர்ந்ததுதான்.

இப்பொழுது அதே வழக்கு இன்னும் அருகில் வந்திருக்கிறது. நமக்கு நான்கு ஒளியாண்டுக்குச் சற்று அதிகமான தூரத்திலுள்ள அல்பா செந்தோரி ஏ, பெரும்பாலும் நம் ஞாயிற்றை ஒத்த விண்மீன். 2024 ஓகத்தில் வெப் தொலைகாட்டி அதன் ஒளியை மறைத்து நோக்கியபோது, பதினாயிரம் மடங்குக்கு மேல் மங்கிய புள்ளியொன்று பக்கத்தில் தோன்றியது. சனியின் திணிவையொத்த கோளாக இருக்கலாம் என்பது மதிப்பீடு. 2025 பெப்ரவரியிலும் ஏப்ரிலிலும் மீண்டும் நோக்கினர், ஒன்றும் தெரியவில்லை. கோள் விண்மீனை மிக நெருங்கி மறைந்திருக்கவும் கூடும். இருக்கத்தக்க சுற்றுப்பாதைகளை எல்லாம் கணினியில் இட்டுப் பார்த்ததில், அவற்றுள் ஏறத்தாழ அரைவாசி அவ்விரு மாதங்களிலும் கோளை மறைத்தேயிருக்கும் எனத் தெரிந்தது. மற்ற அரைவாசி உண்மையாயின் அங்கே காண ஒன்றுமில்லை. அதனாலேயே 2025 ஓகத்தில் இதனை வெளியிட்டவர்கள் 'கோள்' என்று எழுதாமல், 'கோளாக இருக்கக்கூடியது' என்று எழுதி, அடுத்த நோக்கலுக்குக் காத்திருக்கலாயினர்.