பதிவேட்டில் இல்லாத அப்பம்மா



கடந்த ஆண்டு எமது மகளின் பள்ளியில், மாவோரி மரபுப்படி தன் மலை, நதி, முன்னோர் ஆகியவற்றைக் கூறித் தன்னை அறிமுகப்படுத்துமாறு பணித்தனர். என் அப்பம்மாவுக்கு அப்பால் ஒரு பெயரும் அவளுக்குத் தெரியவில்லை. வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றேன், எனக்கும் தெரியவில்லை.

தாயகத்து உறவினர் மூலம் அப்பம்மாவின் பிறப்புச் சான்றிதழைத் தேடினோம். "பதிவு இல்லை" என்பதே விடை. எம்மவருள் பலர் இந்த இடத்திலேயே முயற்சியைக் கைவிட்டு விடுகின்றனர். அது தவறு என்பதே என் கருத்து.

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு கட்டளைச் சட்டத்தினால் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் சட்டம் வேறு, நடைமுறை வேறு. வீட்டிலே மருத்துவச்சியின் கையில் பிறந்த பிள்ளைக்காக, அன்றைய உழைப்பை விட்டுப் பதிவாளரிடம் எத்தனை பேர் சென்றிருப்பர்? சென்றவர்களிலும் சிலர் பெயர் வைக்குமுன்னரே பதிந்தனர். ஆனால் கத்தோலிக்கப் பெற்றோர் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தவறுவது அரிது. எனவே அரச ஏட்டில் இல்லாத பிள்ளை கோவில் ஏட்டில் இருக்கக்கூடும். எமது அப்பம்மாவும் தீவகத்துப் பங்கு ஒன்றின் ஏட்டிலேயே கிடைத்தார். ஞானத்தாயாகக் குறிக்கப்பட்டிருந்தவர் அவருடைய பெரியம்மா. இவ்வாறு ஒரே வரியில் இன்னொரு கிளையும் துலங்கியது.

தேடுவோர் சிலவற்றை மனதிற் கொள்ள வேண்டும். எமக்குக் குடும்பப் பெயர் இல்லை; தந்தையின் பெயரே முன்னெழுத்து, அது தலைமுறைதோறும் மாறும். பேதுரு இராயப்புவாகவும், பவுல் சின்னப்புவாகவும், யோவான் அருளப்புவாகவும், யோசேப்பு சூசையாகவும் வழங்குவர். திருமணத்தை ஞானஸ்நான ஏட்டின் ஓரத்திலும் குறிக்க வேண்டும் என்ற திருச்சபை விதி 1908இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஓரக் குறிப்புகளையும் படியெடுத்துத் தருமாறு பங்குத்தந்தையிடம் பணிவுடன் கேளுங்கள். 1658 முதல் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். தடைகள் 1806இல் ஆங்கிலேயர் காலத்திலேயே நீங்கின. ஆதலால் அதற்கு முற்பட்டோரைக் கத்தோலிக்க ஏடுகளில் மட்டும் தேடிப் பயனில்லை. ஒல்லாந்தரின் தோம்புகளையும் பார்த்தல் வேண்டும்.

நான் கணினித் துறையைச் சார்ந்தவன். ஆயினும் சொல்கின்றேன்: நாம் கொடுக்காத பெயரை எந்த மென்பொருளும் தேடித் தராது. நியூசிலாந்தில் மாவோரி மக்களின் பிறப்புப் பதிவு 1913இலேயே கட்டாயமாயிற்று. அதற்கு முந்திய தலைமுறைகளை அவர்கள் நாவிலே காத்தனர். நாமோ போரிலும் இடப்பெயர்விலும் ஏடுகளை இழந்தோம். இப்போது முதியோரையும் ஒவ்வொருவராக இழந்து வருகின்றோம்.

பெற்றோரே, இவ்வார இறுதியில் ஒரு மணிநேரம் ஒதுக்கி, தாத்தா பாட்டியரின் பெயர், ஊர், பங்கு, ஞானப்பெற்றோர் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். இளையோரே, அவர்களின் குரலைப் பதிவு செய்யுங்கள். உயிருடன் இருப்போரின் பிறந்த திகதிகளை மட்டும் இணையத்தில் இடாதீர்கள். ஏடு காத்திருக்கும், முதுமை காத்திராது.

மாசி, ஓக்லாந்திலிருந்து ஒரு தொண்டர்