ஏழைச் சிறாரும் மருத்துவக் காப்பீடும்

‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்’ என்பது நம்மவர் நாவில் நாள்தோறும் பயிலும் பழமொழி. செல்வர்க்கு இஃது ஓர் அறிவுரை. நாட்கூலி பெற்று உயிர்வாழ்வார்க்கோ ஓர் அச்சுறுத்தல். அவர் வீட்டுக் குழந்தை ஒன்று கொடிய நோய்வாய்ப்படுமாயின், முதலில் தாயின் காதணி அடகுக்கடை சேரும். அதன்பின் ஆடும் கறவையும் சந்தைக்குப் போம். அதற்கும் மேல் வட்டிக்கடன் வந்து வாயிலில் நிற்கும். பிள்ளை பிழைத்தாலும் குடும்பம் பிழைப்பது அரிது. இத்தகைய இடரினின்று ஏழை மக்களைக் காக்கவே பொது மருத்துவக் காப்பீடு ஏற்பட்டது. அது நற்செயலே என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயினும், குழந்தைக்குரிய காப்பு குழந்தையின் பெயரால் வழங்கப்படாது, பெற்றோர் கையிலுள்ள பத்திரங்களின் பெயரால் வழங்கப்படுகின்றது. பத்திரமில்லாத வீட்டுப் பிள்ளைக்குக் காப்பும் இல்லை. இக்குறையை நீக்கி, பதினெட்டு ஆண்டு நிரம்பாத ஒவ்வொரு பிள்ளைக்கும், வருவாயும் ஊரும் கேளாமல், காப்பீடு அளித்தல் வேண்டும் என்பதே ஈண்டு யாம் கூற முன்வந்த கருத்து.

இத்துறையில் நம் மாநிலம் பின்தங்கியதன்று. 2008-ஆம் ஆண்டிலேயே, பள்ளிச் சிறார்க்கு இலவசமாக இருதய இரண சிகிச்சை செய்விக்கும் இளஞ்சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்றது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், பின்னர் 2012 ஜனவரியில் அதனிடத்தே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. 2018-இல் மத்திய அரசாங்கத்தாரின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் இதனோடு இணைக்கப்பெற்றது. அதன் பயனாகக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டொன்றில் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைப்பதாயிற்று. தொடக்கத்தில் ஆண்டு வருவாய் 72,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களே சேரலாம் என்றிருந்த வரம்பு, 2022 ஜனவரியில் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆட்சி மாறினும் நோக்கம் மாறாது இப்பணி வளர்ந்துவந்தமை பாராட்டற்குரியது. ஆனால் ஒன்று கருதத்தக்கது: முதலில் எழுந்த திட்டம் பிள்ளையைக் கண்டது, பின் எழுந்தவை குடும்பத்தைக் கண்டன. குடும்பம் இன்னது என்பதைக் குடும்ப அட்டையும், அதன் ஏழைமையை வருமானச் சான்றிதழும் தீர்மானிக்கின்றன.

இக்காப்பு எட்டாத பிள்ளை எங்கே இருக்கின்றது என்பதைக் காண விரும்புவோர் கெலமங்கலம் பக்கம் செல்லுதல் நன்று. சேலத்தினின்று பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையில் ஒசூர்க்கு முன்னர் உள்ள நிலையம் அது. கிருஷ்ணகிரி ஜில்லா, தேன்கனிக்கோட்டைத் தாலுகாவைச் சார்ந்த இப்பேரூர் கர்நாடக எல்லைக்கு அண்மையது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் இதன் கடைவீதியில் ஒருங்கே ஒலிக்கும். வடபால் ஒசூர் ஆலைகள். தென்பால் பெட்டமுகிலாளம் முதலிய மலையூர்கள். இடையே ராகியும் காய்கறியும் விளையும் வயல்களும், ரோஜா வளரும் பசுமைக் குடில்களும் உள்ளன. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய நாடுகளினின்று இப்பகுதிக்குப் பிழைக்க வருவார் பலர். இங்கிருந்து பெங்களூர்க்குக் கட்டட வேலைக்குச் செல்வாரும் பலர். மக்கள் ஓயாது இடம்பெயரும் இத்தகைய எல்லைப்புறத்திலேதான் ஒரு திட்டத்தின் இடைவெளிகள் கண்கூடாகத் தோன்றும்.

முதலாவது இடைவெளி வருவாய் வரம்பு. ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் என்பது திங்களுக்கு 10,000 ரூபாய். கணவனும் மனைவியும் ஒரு மலர்த்தோட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 400 ரூபாய் கூலியில், திங்களுக்கு இருபது நாள் உழைப்பதாகக் கொள்வோம். அவர் வருவாய் திங்களுக்கு 16,000 ரூபாய்; ஆண்டுக்கு 1,92,000 ரூபாய். ஏட்டுக் கணக்கின்படி அவர் ஏழையர் அல்லர். ஆனால் தம் குழந்தைக்கு லட்சக்கணக்கில் செலவாகும் சிகிச்சை வேண்டிவந்தால், அவர் நிலை ஏழையினும் ஏழையதே. ஆலைத் தொழிலாளர்க்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட இ.எஸ்.ஐ. என்னும் ஈட்டுறுதி உண்டு. அதன் சம்பள வரம்பு 2017-இல் 21,000 ரூபாயாக வகுக்கப்பட்டது. தொழிலாளியின் மனைவி மக்களும் அதனாற் பயன்பெறுவர். எனினும் தோட்டக் கூலிக்கும் வயற் கூலிக்கும் அது பெரும்பாலும் எட்டுவதில்லை. ஆலையிலேயே ஒப்பந்த வேலை முடிந்து நின்றார்க்குச் சில திங்களில் அக்காப்பும் நின்றுவிடும். இவ்விரண்டு திட்டங்களுக்கும் நடுவே விழும் பிள்ளையைத் தாங்குவார் யார்? வருவாயைக் குறைத்துரைக்கத் துணிந்தவன் பிள்ளை காப்புப் பெற, மெய்யுரைத்தவன் பிள்ளை இழக்கும் வண்ணம் ஒரு விதி அமைதல் அறமாகாது.

இரண்டாவது இடைவெளி பத்திரங்கள். சான்றிதழ் பெறக் கிராம அலுவலரிடம் ஒரு நாள், அட்டை பெற ஜில்லாத் தலைநகருக்கோ முகாமுக்கோ மற்றொரு நாள் என்று கூலியாளின் நாட்கள் கழியும். மலையூரார்க்குப் பேருந்துச் செலவும் சேரும். பிற மாநிலத்தினின்று வந்தார்க்கு வருமான வரம்பின்றி இடமளித்துள்ளமை நம் மாநிலத்தின் பெருந்தன்மையே. ஆனால் அவர் ஆறு திங்கள் இங்கு வாழ்ந்தமைக்குத் தக்க அதிகாரியின் சான்று காட்டல் வேண்டும். செங்கற்சூளை மழை தொடங்கினால் நிற்பது. கட்டட வேலை கூரை போட்டால் முடிவது. ஆறு திங்கள் நிறைவதற்குள் குடும்பம் வேறோர் ஊரில் இருக்கும். குழந்தையின் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் ஆறு திங்கள் காத்திருப்பனவல்ல.

மூன்றாவது இடைவெளி எல்லைக்கோடு. இப்பகுதி மக்கள் ஆனேக்கல், மாலூர்ப் பக்கங்களில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் தொன்றுதொட்ட வழக்கம். கணவனை இழந்தோ பிரிந்தோ தாய்வீடு திரும்பும் பெண்ணின் பெயரும் அவள் குழந்தையின் பெயரும் அப்பாலுள்ள குடும்ப அட்டையிலேயே நின்றுவிடும். அக்குழந்தை இரு மாநிலத்திற்கும் உரியது. ஆதலின் இரண்டிலும் இல்லாதது. அன்றியும், கடுநோய் வந்தால் கெலமங்கலத்தார்க்கு அண்மையிலுள்ள பெருநகர் பெங்களூரேயன்றிச் சென்னை அன்று. தேசியத் திட்டத்தின் பட்டியலில் உள்ள குடும்பம் நாட்டின் எப்பகுதியிலும் சிகிச்சை பெறலாம் என்பது விதி. அப்பட்டியலோ 2011-ஆம் ஆண்டுச் சமூக பொருளாதாரக் கணக்கெடுப்பின்மேல் எழுந்தது. அதில் விடுபட்டு, மாநிலத்தின் தயவால் மட்டும் சேர்ந்தார்க்கு அவ்வுரிமை இல்லை. இங்கு மலரும் ரோஜா கடல் கடந்து அயல்நாடு செல்கின்றது. குழந்தையின் காப்போ ஒரு சோதனைச் சாவடியைக் கடக்க மாட்டாது நிற்கின்றது.

இத்தாமதங்களால் நேரும் கேடு யாது என்பதை மருத்துவ நூல் தெளிவாக அறிவிக்கும். ஆயிரம் குழந்தை பிறந்தால் ஏறத்தாழ எட்டு ஒன்பது குழந்தைகள் பிறவியிலேயே இருதயக் குறையுடன் பிறக்கின்றன. சிறு துளைகள் பல தாமே மூடிக்கொள்ளும். பெருந்துளையுடைய இருதயமோ, நுரையீரலுக்கு மிகுதியான குருதியைச் செலுத்திச் செலுத்தி அங்குள்ள நாளங்களைத் தடிக்கச்செய்யும். ஒரு கட்டம் வரையில் இரண சிகிச்சையால் துளையை மூடிக் குழந்தையை முழு நலத்தோடு வாழச் செய்யலாம்; அக்கட்டம் கடந்தபின் தேர்ந்த வைத்தியனும் கத்தியைக் கீழே வைத்துவிடுவான். செவிட்டுக் குழந்தையின் நிலையும் அத்தகையதே. உட்செவியிற் கருவி பொருத்துதல் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நம் மாநிலத் திட்டத்தில் உண்டு. மூளை மொழியைப் பற்றிக்கொள்ளும் இளம்பருவம் கழிந்தபின் கருவி கிடைத்தும் பெரும்பயனில்லை. முதியோர் சிகிச்சையில் ஓராண்டுத் தாமதம் ஓராண்டு நோயாகலாம். குழந்தைக்கோ அது வாழ்நாள் முழுதும் நீளும் ஊனமாகக் கூடும்.

பிள்ளையின் நோயைக் கண்டறிய வழியில்லை என்றும் கூறுவதற்கில்லை. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகட்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிகட்கு ஒருமுறையும் சென்று, பிறந்தது முதல் பதினெட்டு வயது வரையுள்ளாரைச் சோதிக்கின்றனர். சோதிக்கும்போது வருமானம் கேட்பதில்லை. நோய் இன்னதென்று சொல்லியபின், அதனைத் தீர்க்கும் வேளையில் மட்டும் வருமானம் கேட்பது என்ன முறை?

வருவாய் கேளாது பொதுவாக அளித்தல் நமக்குப் புதிதன்று. 1920-இல் சென்னை நகரசபையார் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய உணவளிப்பு, 1956-இல் காமராஜர் காலத்து மதிய உணவாகி, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவாக விரிந்தது. சோற்றுத்தட்டை நீட்டும் பிள்ளையிடம் எவரும் சான்றிதழ் கேட்டிலர். அண்மையில், 2024 அக்டோபரில், எழுபது வயது நிரம்பிய யாவர்க்கும் வருவாய் எதுவாயினும் ஆயுஷ்மான் பாரத் காப்பு உரியது என மத்திய அரசாங்கத்தார் வழிசெய்தனர். மூத்தோர்க்கு வயதே போதிய தகுதியாயின், சிறார்க்கு வயது ஏன் போதாது? அயல்நாடுகளைக் காணின், அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1965-இல் வறியோர்க்கு மருத்துவ உதவி ஏற்பட்டது. அதன் வரம்பினைச் சிறிதே கடந்த குடும்பத்துப் பிள்ளைகள் கைவிடப்படுவது கண்டு, 1997-இல் அவர்க்கென்றே தனிக் காப்பீடு வகுத்தனர். 2024 முதல், ஒருமுறை சேர்ந்த பிள்ளையைப் பெற்றோர் வருவாய் மாறினும் ஓராண்டு வரை நீக்கலாகாது என்றும் விதித்தனர். தாய்லாந்து 2002-இல் குடிகள் அனைவர்க்கும் காப்பளித்தது. அது வல்லரசன்று.

இதற்குத் தடையாகச் சிலர் கூறுவன உள. செல்வர் பிள்ளைகளும் இதனாற் பயன்பெறுவரே என்பர் ஒருசாரார். பெறட்டும், அவருள் பெரும்பாலார் பொது விடுதியை நாடார். அவரை விலக்கும்பொருட்டு வைத்த வேலியில் சிக்குவோர் ஏழைச் சிறாரே. செலவு தாங்காது என்பர் வேறு சிலர். 2022-இல் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக் காப்புக் கட்டணம் 849 ரூபாய் என்று அமைந்தது. குழந்தைகளுக்கு மருத்துவமனையில் தங்கிப் பெறும் பெருஞ்சிகிச்சை முதியோரினும் அரிதாகவே வேண்டிவரும். ஆதலின் சிறாரைச் சேர்த்தல் பெருஞ்சுமையாகாது. காப்பீட்டுப் பணம் தனியார் மருத்துவமனைகட்கே போம். அதனினும் அரசு மருத்துவமனைகளைச் செம்மை செய்தலே மேல் என்பார் கூற்றில் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் பகையல்ல. நம் மாநிலத்தில் அரசு மருத்துவமனைகளும் இத்திட்டத்தில் சேர்ந்து, தாம் செய்த சிகிச்சைக்குப் பணம் பெறுகின்றன. 2022 ஜனவரியில் திறக்கப்பெற்ற கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி போன்றவை அதனால் வலுப்பெறும்.

ஆதலின் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, பதினெட்டு வயதுக்குட்பட்டார்க்கு வருமானச் சான்றையும் ஆறு திங்கள் விதியையும் நீக்குதல். இரண்டாவது, பிள்ளை அலுவலகத்தைத் தேடிச் செல்லாது, காப்பு பிள்ளையைத் தேடி வருதல். கர்ப்பிணிப் பதிவு நம் நாட்டில் ஊர்தோறும் நடைபெறுகின்றது. அதனோடு பிறப்புப் பதிவும், அங்கன்வாடிப் பதிவேடும், பள்ளி வருகைப் பதிவேடும் உண்டு. இவற்றுள் ஒன்றிற் பெயர் இருப்பின் அதுவே அட்டை எனக் கொள்ளலாம். மூன்றாவது, தமிழ்நாடும் கர்நாடகமும் தம்முள் உடன்படிக்கை செய்து, எல்லைப்புறச் சிறார் எவ்வூரில் நோயுற்றாலும் அங்கேயே சிகிச்சை பெறச் செய்தல். 2020-இல் தமிழ்நாடு ஒரே நாடு ஒரே ரேஷன் முறையிற் சேர்ந்தபின், குடும்ப அட்டை அரிசி எல்லை கடக்கக் கற்றுக்கொண்டது. மருந்தும் கற்றுக்கொள்ளலாம்.

விதி மாறும் வரையில் நாம் வாளா இருத்தல் வேண்டுவதின்று. இக்கலாசாலை மாணாக்கர் விடுமுறையில் தத்தம் ஊர் சேர்வர். தம் தெருவில் அட்டையில்லாத குழந்தை உண்டா என்று வினவி, மனு எழுதிக் கொடுத்து, முகாம் நடைபெறும் நாளை அறிவித்து, வேண்டுமாயின் உடன் சென்று வருதல் அவர்க்கு அரியதன்று. எழுதப் படிக்கத் தெரிந்தார் ஒருவரின் அரை நாள், எழுதத் தெரியாத ஒரு தாயின் பல நாட் கூலியை மீட்கும். ஆசிரியரும் பழைய மாணவருமாகிய பெரியோர், சட்டசபை உறுப்பினர்க்கும் அதிகாரிகட்கும் இதனை எடுத்துரைத்தல் வேண்டும். குழந்தைக்கு வாக்குச்சீட்டு இல்லை. ஆதலின் அதன் பொருட்டுப் பேசவேண்டிய கடமை, வாக்குடைய நம்மைச் சார்ந்தது.