இருட்டறையில் இருந்த பாதித் தொழில்

1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை லின்னேயஸ் டிரைப் படமெடுத்தார். சென்னை மாகாண அரசு சம்பளம் கொடுத்து அமர்த்திய புகைப்படக்காரர் அவர். மரக் கேமரா, மெழுகு ஊட்டிய காகித நெகட்டிவ், ரசாயனப் புட்டிகள் எல்லாம் மாட்டுவண்டிகளில் போயின. 21 படங்களை ஒட்டிச் சேர்த்து, சுமார் 19 அடி நீளத்துக்கு அந்தக் கல்வெட்டு வரிசையை ஒரே படமாகத் தந்தார். அடுத்த ஆண்டே, செலவு தாங்காது என்று கவர்னர் டிரெவெல்யன் அந்த வேலையை நிறுத்திவிட்டார்.

அரசு கைவிட்டதை அதன்பின் நூறாண்டுக்கும் மேலாகக் கடைத்தெரு ஸ்டுடியோக்கள் செய்தன. யாரும் அவர்களைக் கேட்டுக்கொள்ளவில்லை. கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூடக் குரூப் போட்டோ, நாற்காலியில் சார்த்தி உட்காரவைத்த இறந்தவரின் கடைசிப் படம் என்று கூலிக்கு எடுத்தவையே இன்று தமிழகச் சிற்றூர்களின் முகங்களாக மிஞ்சியிருக்கின்றன.

படம் எடுப்பது அந்தத் தொழிலில் ஒரு பாதிதான். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, தலைகீழாகத் தெரியும் உருவத்தை ஃபோகஸ் செய்து, லென்ஸ் மூடியைக் கழற்றி மனசுக்குள் எண்ணி மறுபடி மூடினால் அந்தப் பாதி முடிந்தது. மறுபாதி டார்க் ரூமில். டெவலப்பருக்கு 20 டிகிரி சூடு போதும். நம் ஊர்த் தண்ணீரோ வெயில் காலத்தில் 30ஐத் தாண்டும். ஐஸ் வாங்கிப் போட்டார்கள், இல்லாவிட்டால் விடியற்காலையில் கழுவினார்கள். படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போக் கரைசலை அரைகுறையாக அலசினால் சில வருஷத்தில் படம் பழுப்பேறும். பிறகு டச்சிங். ஊசிபோல் சீவிய பென்சிலால் நெகட்டிவின் மீது புள்ளி புள்ளியாக வைத்து அம்மைத் தழும்பை மறைப்பார்கள். ஒரு ஸ்டுடியோவின் பெயர் நிலைத்ததும் கெட்டதும் அந்த டச்சிங் மேஜையில்தான் என்பேன்.

கண்ணாடி ப்ளேட் போய் ஃபிலிம் வந்தபோதும் இந்தப் பாதி அவர்களிடமே இருந்தது. ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் பேப்பரும் தந்தது. தூசியில்லாத குளிர்ந்த மலைக்காற்று அந்தத் தொழிலுக்குத் தேவைப்பட்டது.

டிஜிட்டல் வந்துதான் ஸ்டுடியோக்காரரின் கைத்தொழில் போயிற்று என்று பொதுவாகச் சொல்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கலர் வந்த நாளிலேயே போய்விட்டது. கலர் ஃபிலிமைக் கழுவ ஏறக்குறைய 38 டிகிரி சூடு, கால் டிகிரிகூடப் பிசகாமல், வேண்டும். சின்ன ஸ்டுடியோவுக்கு அது கட்டுப்படியாகாது. ரோலைப் பெருநகரத்து லேபுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். டார்க் ரூம் சாமான் போடும் அறையானது. இருட்டறையில் தேறிய கண்ணும் விரலும் வேலையில்லாமல் நின்றன. டிஜிட்டலும் செல்போனும் வந்தபோது, கேமரா வைத்திருப்பவர் என்பதைத் தவிர அவரிடம் பறிப்பதற்கு அதிகம் மிச்சமில்லை.

நெகட்டிவ்கள் மட்டும் மிஞ்சின, அவையும் அழிகின்றன. வெள்ளிக்காக ஃபிலிமை எடைக்குப் போட்டவர்கள் உண்டு. கண்ணாடி ப்ளேட்டைச் சுரண்டிப் படச்சட்டத்துக்குப் போட்டவர்கள் உண்டு. பிழைப்புக்குச் செய்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வாடகைக் கடையில் பெட்டி பெட்டியாக எத்தனை காலம் வைத்திருப்பார்கள்? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பழைய ஸ்டுடியோக்களைத் தேடிப்போய்ப் படங்களை டிஜிட்டல் பிரதி எடுத்தது. அரிய வேலை. ஆனால் ஊருக்கு ஊர் நடக்கவேண்டிய ஒன்றை ஒரு நிறுவனம் செய்து முடிக்க முடியாது. மாவட்ட அருங்காட்சியகங்கள் இந்தப் பெட்டிகளை ஏற்றுக்கொள்ள வேண்டும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அந்த ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அவற்றை முதலில் பிரதி எடுக்க வேண்டும்.

பெட்டியோடு நோட்டும் வர வேண்டும். நெகட்டிவுக்கு எண் போட்டு, யாருடையது, என்றைக்கு எடுத்தது என்று எழுதிவைத்த ஸ்டுடியோக்கள் உண்டு. அந்த நோட்டு தொலைந்த இடங்களில், முகத்தைப் பார்த்து இன்னார் வீட்டுப் பெண், இந்தத் தெரு என்று சொல்லக்கூடியவர் அந்தப் படத்தை எடுத்த ஃபோட்டோகிராபர் மட்டும்தான். அவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல்.