தோட்டத்துக்குப் போகும் பேருந்து

தேனி மாவட்டத்தின் போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் பொழுது புலரும் முன்பே, கையில் தூக்குச்சட்டியோடு பெண்கள் ஜீப்புக்குக் காத்து நிற்கிறார்கள். எல்லைக்கு அப்பால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள உடும்பஞ்சோலை தாலுகாவின் ஏலத் தோட்டங்களில் களையெடுக்கவும் காய் பறிக்கவும் நாள்தோறும் மலையேறுபவர்கள் இவர்கள். ஜீப்புகள் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு என்று பிரிந்து போகும். பத்துப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் அதைப்போல் இரு மடங்கு பேர். விபத்து நடந்தால் சில நாட்கள் சோதனை கெடுபிடியாக இருக்கும். பிறகு பழையபடிதான்.

இதே மலைப்பாதையில் மூணாறுக்குப் போகும் மின்சார கார்களும் இப்போது ஏறுகின்றன. புகை குறைந்தால் நல்லதுதான். ஆனால் அரசு தன் வருமானத்தை யாருக்காக விட்டுக்கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். மின்சார காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் மட்டுமே. 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை வாங்கிய மின்வாகனக் கடனின் வட்டியில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை வருமான வரிக் கழிவும் உண்டு. வருமான வரி கட்டாத கூலித் தொழிலாளிக்கு இதில் ஒரு காசும் இல்லை.

பேருந்துக்கென ஒதுக்கிய பணமாவது மலைக்கு வருகிறதா? 2024இல் தொடங்கிய மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் 14,028 மின்சாரப் பேருந்துகள் முக்கியமாக ஒன்பது பெருநகரங்களை மனத்தில் வைத்துத் திட்டமிடப்பட்டவை. அதற்கு முந்தைய ஆண்டின் பி.எம். இ-பஸ் சேவா, முக்கியமாக 3 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கானது. ரயில் பாதையே இல்லாத இடுக்கி மாவட்டத்தில் அப்படி ஒரு நகரமும் கிடையாது.

மலைக்கு மின்சாரப் பேருந்து ஒத்துவராது என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போடியிலிருந்து போடிமெட்டு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம். 10 டன் பேருந்தை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் சுமார் 27 யூனிட் மின்சாரம் வேண்டும். இறங்கும்போது மோட்டாரே பிரேக்காக வேலை செய்து அதில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். டீசல் வண்டியில் அந்தச் சக்தி முழுவதும் வெப்பமாக வீணாகிறது. மின்சாரப் பேருந்தில் கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் சூடேறும் ஆபத்தும் குறையும். ஆனாலும் என் கோரிக்கை மின்சாரத்தில் தொடங்கவில்லை. ஐம்பது பேரைப் பத்திரமாக ஏற்றிச் செல்லும் பேருந்து நாளைக்கே வருமென்றால், அது டீசலில் ஓடினாலும் சரி.

இந்த வழியில் பேருந்துகள் இல்லாமல் இல்லை. வேலைக்குப் போகும் நேரத்தில், தோட்டம் இருக்கும் கிளைச்சாலையில் அவை இல்லை என்பதுதான் குறை. இதை ஒரு மாநிலம் மட்டும் சரிசெய்ய முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 88ஆவது பிரிவின்படி, ஒரு மாநிலத்தின் பெர்மிட் அடுத்த மாநிலத்தில் செல்ல வேண்டுமானால் பொதுவாக அங்கும் மேலொப்பம் பெற வேண்டும். 2021 மே மாதம் தமிழ்நாடு சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தந்தது. நகரப் பேருந்து ஏறாத மலைக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அதனால் என்ன பயன்?

கேரளத்தில் வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 2022 ஜூலையில் திருவனந்தபுரம் மாவட்டம் கொல்லயில் ஊராட்சியில் தொடங்கிய 'கிராமவண்டி' திட்டத்தில், டீசல் செலவை உள்ளாட்சி ஏற்க, பேருந்தையும் ஊழியர்களையும் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமான கே.எஸ்.ஆர்.டி.சி. தருகிறது. சாந்தன்பாறை, உடும்பஞ்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு ஊராட்சிகள் சேர்ந்து இதைக் கேட்கலாம். தொழிலாளர்களின் உழைப்பில் வாழும் தோட்ட உரிமையாளர்களும் செலவில் பங்கு தர வேண்டும். மெட்டு வரை தமிழகப் பேருந்து, அங்கிருந்து கிராமவண்டி என்று நேரத்தை இணைத்தால், பெர்மிட் பேச்சு முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.

2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட போடி ரயில், 2023 ஜூன் 15 அன்றுதான் திரும்பி வந்தது. அதுவரை தேனி மாவட்டத்து மக்கள் கேட்பதை நிறுத்தவில்லை. அந்த விடாப்பிடி இப்போது மெட்டுக்கு மேலேயும் வேண்டும். கேட்க வேண்டியதும் எளிதுதான்: காலை ஐந்தரைக்கு மெட்டு ஏற ஒரு பேருந்து, வேலை முடிந்து இறங்க ஒரு பேருந்து. இரு பக்க ஊராட்சிகளும் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் இருவருக்கும் அனுப்பட்டும்.